வானிலிருந்து எழுதும் நீர்க்கணக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

விண்வெளி விஞ்ஞானத்தைப் பற்றி ஏதேனும் பேசுக என்று விழாக் குழுவினர் பணித்தனர். விண்வெளி என்றதும் சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் கலம் விட்ட செய்திதான் எவர்க்கும் நினைவுக்கு வரும். அவற்றை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறார்கள். நான் வேறு சொல்ல வேண்டுவதில்லை. நம் வீட்டுக் குடத்திற்கு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. பூமியைச் சுற்றி வரும் செயற்கைக்கோள்களுள் சில, இப்பூமியின் நீரைக் கணக்கெடுப்பதற்கென்றே சுற்றி வருகின்றன. கடலிலிருந்து எழும் ஆவி, அது திரண்டு பெய்யும் மழை, மண்ணில் தங்கும் ஈரம், ஏரியில் நிற்கும் நீர், பாறை வெடிப்புகளில் இறங்கி ஒளிந்துகொள்ளும் நிலத்தடி நீர் ஆகிய எல்லாவற்றையும் வானத்தில் இருந்தபடியே அளக்க முயல்கிறார்கள். அம்முயற்சி எவ்வளவு தூரம் வென்றிருக்கிறது, எந்த இடத்தில் தயங்கி நிற்கிறது என்பதை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அது தயங்கி நிற்கும் இடங்களுள் நம் கோலார்ச் சீமையும் ஒன்று. ஆதலின் இதைத் தங்கவயலில் பேசுவதே பொருத்தம் என்று எண்ணினேன்.

இவ்வூரின் நீர்க்கதை விந்தையானது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலைக் கையேற்ற பின்னர், நம் முன்னோர் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். அவர்களுள் பலர் வட ஆர்க்காட்டுச் சீமையினர். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று அவர்கள் விட்டு வந்த ஊர்கள் பலவும் பாலாற்றங்கரை ஊர்கள். அந்தப் பாலாறு பிறப்பதோ இந்தப் பக்கத்தில், நந்தி மலையை அடுத்த மேட்டு நிலத்தில். வந்த இடத்திலும் அவர்கள் குடித்தது அதே பாலாற்று நீர்தான். பேதமங்கலத்தில் தேக்கிக் குழாய் வழியே கொண்டுவந்த நீர். ஆற்றின் கால்மாட்டிலிருந்து புறப்பட்டு அதன் தலைமாட்டில் வந்து குடியேறிய மக்கள் நாம். பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோ மீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோ மீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோ மீட்டரும் ஓடுவதாக நூல்கள் கூறும். நூல்கள் கூறுகின்றனவே தவிர, ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் அங்கே நாம் காண்பது மணல்தான். 2021 நவம்பரில் பெருமழை பெய்து, வேலூர்ப் பக்கம் பாலாறு வெள்ளம் புரண்டு ஓடியபோது, அதைப் பாலாறு என்று நம்பவே இளைஞர்க்குச் சற்று நேரம் பிடித்திருக்கும்.

நிலத்தின் மேலே நிலைமை இது. கீழே நிலைமை வேறு. மைசூர் மைன், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களில் ஊறிய நீரைப் பம்பு வைத்து இறைத்து வெளியே கொட்டினார்கள். மேலே குழாயடியில் குடத்துக்கு வரிசை. கீழே நீரை விரட்டுவதற்கு எந்திரம். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பின்னர் பம்புகளும் ஓய்ந்தன. 3 கிலோ மீட்டருக்கு மேல் ஆழம் போன அந்தக் குழிகளில் நீர் மெல்ல மெல்ல ஏறியது. நிலத்தடி நீர் என்பது ஏட்டில் மட்டும் உள்ள சொல் அன்று என்பதை நம் ஊர்ப் பெரியவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். கடலிடம் வாங்கிய நீரை மேகம் திருப்பித் தரவில்லையானால் கடலுக்கே குறைவு நேரும் என்ற கருத்தும் அவ்வதிகாரத்தில் இருக்கிறது. அது வரவு செலவுக் கணக்குத்தானே? மாதச் சம்பளக்காரர் வீட்டில் எழுதும் கணக்குப் போன்றதே நீரின் கணக்கும். வரவு என்பது மழை. செலவு இரண்டு வகை: ஓடிப் போவது ஒன்று, ஆவியாகிப் போவது ஒன்று. இவை போக மண்ணிலும் ஏரியிலும் பாறையிலும் தங்குவது இருப்பு. செலவு வரவை மிஞ்சினால் இருப்பில் கை வைக்கிறோம் என்று பொருள். கோலார் மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் அளவினது. வற்றாத ஆறு ஒன்றும் இங்கே இல்லை. ஆகவே இருப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்வது நமக்குப் பொழுதுபோக்குக் கல்வி ஆகாது. பிழைப்பைப் பற்றிய கேள்வி அது.

வரவை முதலில் பார்ப்போம். மழையை அளப்பது எளிதென்று தோன்றும். ஒரு பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்தால் போயிற்று! ஆனால் உலகத்தில் உள்ள மழைமானிகளின் வாய்களையெல்லாம் அருகருகே அடுக்கினால் ஒரு கால்பந்து மைதானத்தில் பாதிகூட நிரம்பாது என்று 2017இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை கணக்கிட்டுச் சொன்னது. பூமி முழுவதற்கும் நம்மிடம் உள்ள அளவுபாத்திரம் அவ்வளவே. அன்றியும் பூமியின் பெரும்பகுதி கடல். நடுக்கடலில் மழைமானி வைத்துக் காலையில் போய்ப் பார்ப்பவர் யார்?

இதனால்தான் அளப்பவர்கள் வானத்தை நாடினார்கள். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் அமெரிக்கா ஏவிய டைரோஸ் என்னும் கோள், மேகக் கூட்டங்களை மேலிருந்து படமெடுத்து அனுப்பியது. நம் நாடும் நெடுங்காலம் பின்தங்கி நிற்கவில்லை. 1979 ஜூன் 7ஆம் நாள் சோவியத் ராக்கெட்டில் ஏறிச் சென்ற பாஸ்கரா, நாம் செய்த முதல் புவிநோக்குச் செயற்கைக்கோள். நம் பிள்ளைகள் நாள்தோறும் ரயிலேறி வேலைக்குப் போய்வரும் அதே பெங்களூரில் உருவானது அது. அதிலிருந்த கருவிகளுள் ஒன்று, கடலின் மேலுள்ள நீராவியை அளப்பதற்கென்று வைக்கப்பட்டது. அதற்குப் பகல் வெளிச்சம் தேவையில்லை. எந்தப் பொருளும் தன் வெப்பத்திற்கேற்ப மிக மெல்லிய நுண்ணலைகளை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். நீராவி தனக்கென்று குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தில் சற்று மிகுதியாக வெளிவிடும். அதைக் கேட்டறிந்து, ஆவி இவ்வளவு என்று கணிக்கிறார்கள். கடலின் மேல் இது எளிதாக நடைபெறும்; நுண்ணலையில் கடல் மங்கலாகத் தெரிவதால், இருட்டுச் சுவரின்முன் ஏற்றிய விளக்கைப்போல் ஆவி பளிச்சென்று புலப்படும். தரையின் மேல் அப்படி இல்லை. தரை தானே மிகுதியாக அலை விடுவதால், வெள்ளைச் சுவரின்முன் வைத்த விளக்கைப் போலாகிவிடும். கடலில் வாழும் மீனவருக்குக் கிடைத்த அறிவு, மேட்டு நிலத்தில் வாழும் நமக்குக் கிடைக்கச் சற்றுக் காலம் பிடித்தது.

2011 அக்டோபர் 12ஆம் நாள் பிரெஞ்சு நாடும் நம் நாடும் சேர்ந்து மேகா டிராபிக்ஸ் என்ற கோளை ஏவின. வெப்ப மண்டலத்து மழையை ஆராய்வதே அதன் வேலை. அதிலிருந்த முதன்மையான கருவிக்கு வாய்த்த பெயர் என்ன என்று நினைக்கிறீர்கள்? மெட்ராஸ்! நீண்ட ஆங்கிலத் தொடர் ஒன்றின் முதலெழுத்துகளைக் கூட்டிச் செய்த பெயர்தான் அது. ஆனாலும் 1996இல் நகரத்திற்குச் சென்னை என்ற பெயரே நிலைத்துவிட்ட பின்பு, பழைய பெயர் விண்வெளியில் ஒரு சுற்று வந்தது என்பது கேட்கச் சுவையாக இருக்கிறது. அந்தக் கருவி 2013இலேயே பழுதாயிற்று. மற்றக் கருவிகள் தொடர்ந்து உழைத்தன. 2023 மார்ச் 7ஆம் நாள் அக்கோளைப் பசிபிக் பெருங்கடலின் மேல் இறக்கிக் காற்று மண்டலத்தில் எரியச் செய்தார்கள்.

2014இல் ஜப்பானும் அமெரிக்காவும் ஏவிய மழைநோக்குக் கோள் ஒன்று, ஏறக்குறைய 400 கிலோ மீட்டர் உயரத்திலிருந்து ரேடார் கொண்டு மழைத்துளிகளையே நேராக ஆராய்கிறது. அதைத் தலைமையாக வைத்துப் பல நாடுகளின் கோள்கள் தரும் செய்திகளை ஒன்றுசேர்த்து, அரை மணிக்கு ஒரு முறை உலக மழைப்படம் வரைகிறார்கள். அப்படத்தின் ஒவ்வொரு கட்டமும் சுமார் 10 கிலோ மீட்டர் சதுரம். ராபர்ட்சன்பேட்டையும் மாரிக்குப்பமும் ஒரே கட்டத்திற்குள் அடங்கிவிடக்கூடும். ராபர்ட்சன்பேட்டையில் மழை கொட்ட, மாரிக்குப்பத்தில் கொடியில் போட்ட துணி நனையாத மாலைகளை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? அந்த வேற்றுமையை வானத்துக் கோள் அறியாது. கர்நாடக அரசின் இயற்கைப் பேரிடர்க் கண்காணிப்பு மையம் கிராமப் பஞ்சாயத்துகள்தோறும் தானியங்கி மழைமானி நிறுவியிருப்பதன் அருமை இங்கேதான் விளங்கும். கோள் தரும் அளவைத் திருத்துவதற்கும் தரையிலுள்ள மழைமானியே உரைகல்.

செலவுப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண்பானையில் வைத்த நீர் குளிர்வது ஏன்? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டுபோய்விடுகிறது. நிலமும் அப்படியே. நீர் ஆவியாகும் வயல் குளிர்ந்தும், காய்ந்த தரிசு சுட்டும் இருக்கும். அந்த வெப்ப வேறுபாட்டை மேலிருந்து அளந்து, எங்கே எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று கணிக்கிறார்கள். நம் பக்கத்தில் தைலமரத் தோப்புகள் நிலத்து நீரை உறிஞ்சுகின்றன என்ற வழக்கு நெடுநாளாக நடந்து, 2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைலமரம் வைப்பதைத் தடைசெய்தது. அத்தகைய வழக்குகளில் இனி வானத்திலிருந்தும் சாட்சி அழைக்கலாம்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியும் இருப்பாகிய ஏரிகள். ஆறு இல்லாத கோலார்ச் சீமைக்கு ஏரிகளே ஆறு. ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்ததற்கு என்று மாலை தொடுத்தாற்போல் ஆயிரக்கணக்கான ஏரிகளை முன்னையோர் அமைத்து வைத்தனர். 1988 மார்ச் 17ஆம் நாள் நம் ஐ.ஆர்.எஸ். வரிசையின் முதற்கோள் ஏவப்பட்டது முதலாக, இத்தகைய நீர்நிலைகளைப் படமெடுத்துப் பட்டியலிடும் வேலை நம் நாட்டின் சொந்தக் கோள்களைக் கொண்டே நடைபெறலாயிற்று. நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடும். பயிரோ அதைத் திருப்பி வீசும். ஆதலால் படத்தில் நீர் கரிய மையாகவும், பயிர் ஒளி மிகுந்தும் தோன்றும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் புழல் ஏரி வறண்ட காட்சியை, முந்தைய ஆண்டுப் படத்தோடு பக்கத்தில் வைத்து உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. நீலமாக இருந்த இடம் மண்ணிறமாகிவிட்டதைப் பார்த்தபோது, கோடிப்பேர் வாழும் நகரத்தின் தாகம் ஒரு உள்ளங்கை அகலப் படத்தில் அடங்கியிருந்தது. அதே சென்னை 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய படமும் கோள்கள் எடுத்ததுதான்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு ஏற்றும் கே.சி. வேலி திட்டம் நடைபெறுகிறது. லட்சுமிசாகர ஏரியில் தொடங்கி, பல ஆண்டுகள் வறண்டு கிடந்த ஏரிகள் பலவற்றில் இதனால் நீர் நின்றது. வானத்துப் படத்தில் அவை கரிய நீர்ப்பரப்பாகத் தெரியும். அந்த நீர் நிலத்துக்குள் இறங்கினால் நன்மையா, கூடவே வேறு ஏதேனும் இறங்குமா என்று நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போயிற்று. நிறைந்த ஏரி என்று படம் சொல்லும். வாயில் வைக்கத் தக்க நீரா என்று சொல்லாது. அதற்குப் புட்டியில் நீர் மொண்டு சோதனைச்சாலைக்கு அனுப்பியே ஆகவேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் புளூரைடு மிகுந்து பற்களில் கறையேறும் துன்பம் இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. அதையும் எந்தக் கோளும் வானத்திலிருந்து பார்த்துச் சொன்னதில்லை.

இப்பொழுது கணக்கில் மிகக் கடினமான பகுதிக்கு வருகிறேன். பாறைக்குள் ஒளிந்த நீரை வானத்திலிருந்து அளப்பது எப்படி? ஒளியும் நுண்ணலையும் நிலத்துக்குள் மிகச் சிறிது தூரமே புகும். மண்ணின் ஈரத்தை அறிவதற்கென 2015இல் அமெரிக்கா ஏவிய கோள் மேலுள்ள 5 சென்டிமீட்டர் மண்ணின் ஈரத்தைத்தான் உணரும். நூறு அடி, ஆயிரம் அடி ஆழத்து நீர் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. எனினும் நீருக்கு எடை உண்டு. எடை உள்ள பொருள் எதுவும் மற்றொன்றை ஈர்க்கும். இந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனியும் அமெரிக்காவும் 2002 மார்ச் 17ஆம் நாள் கிரேஸ் என்னும் இரட்டைக் கோள்களை ஏவின. ஒன்றன்பின் ஒன்றாக, 220 கிலோ மீட்டர் இடைவெளியில் அவை சென்றன. அது எவ்வளவு தூரம்? இந்த மேடையிலிருந்து ஒரு பறவை நேர்கோட்டில் பறந்து சென்னையை அடையும் தூரம். விஞ்ஞானிகள் அவற்றுக்கு டாம், ஜெர்ரி என்று செல்லப் பெயர் வைத்திருந்தார்கள் என்பதைச் சிறுவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். பூனையும் எலியும் ஓயாமல் துரத்திக்கொண்டே இருந்தன; ஒன்றை ஒன்று பிடிக்கவேயில்லை.

எடை மிகுந்த நிலப்பகுதியை நெருங்கும்போது முன்னால் செல்லும் கோள் முதலில் ஈர்க்கப்பட்டுச் சற்று விரையும்; இடைவெளி மிகும். பின்னால் வருவது அவ்விடத்தை நெருங்கும்போது அதுவும் விரையும், இடைவெளி குறையும். அந்த ஏற்ற இறக்கம் ஒரு தலைமயிரின் தடிப்பில் சிறு பங்கே இருக்கும். அதையும் நுண்ணலை கொண்டு அளந்தார்கள். மலையும் பாறையும் மாதத்துக்கு மாதம் எடை மாறுவதில்லை. மாதந்தோறும் மாறுவது பெரும்பாலும் நீரே. ஆகவே போன மாதத்து ஈர்ப்புப் படத்தையும் இந்த மாதத்துப் படத்தையும் ஒப்பிட்டு, நீர் ஏறியதா இறங்கியதா என்று அறிந்தார்கள். அவ்விரட்டையர் 2017இல் ஓய்வு பெற, 2018 மே 22ஆம் நாள் புதிய இரட்டையர் புறப்பட்டனர்.

இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர் நினைவுக்கு வரும். 1965ஆம் ஆண்டு, வானத்திலிருந்து பொழியும் கதிர்களால் காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளைத் தேடி, டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானிகளும் நம் சுரங்கத்தின் ஆழத்தில் இறங்கிக் கருவி வைத்தார்கள், கண்டும் காட்டினார்கள். விண்ணை அறிவதற்கு மண்ணுக்குள் இறங்கிய ஊர் இது. இன்று மண்ணுக்குள் உள்ளதை அறிவதற்கு விண்ணில் ஏறியிருக்கிறார்கள்.

கிரேஸ் கோள்கள் கண்டு சொன்ன செய்திகளுள் நம் நாட்டைப் பற்றியது உலகப் புகழ் பெற்றது. இராஜஸ்தான், பஞ்சாப், அரியானா ஆகிய வடமேற்குப் பகுதிகளில் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரையில் 109 கன கிலோ மீட்டர் நிலத்தடி நீர் குறைந்துவிட்டது என்று 2009இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். மேட்டூர் அணையை விளிம்பு வரை நிரப்பி, நாற்பது முறை காலி செய்தால் எவ்வளவோ அவ்வளவு! மழை குறைந்ததால் நேர்ந்த இழப்பன்று அது; அந்த ஆண்டுகளில் மழை வழக்கம்போலவே பெய்தது. பம்பு செட்டுகள் இறைத்த நீர் அது.

தென்னாட்டைப் பற்றி என்ன கூறின? இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். 2002 முதல் 2013 வரையில் வட இந்தியாவில் நிலத்தடி நீர் குறைந்தது என்றும், தென்னிந்தியாவில் ஆண்டுக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை உயர்ந்தது என்றும் 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறிற்று. உயர்ந்ததாம்! அதே ஆண்டுகளில் கோலார் உழவர் என்ன செய்துகொண்டிருந்தார்? திறந்த கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறு போட்டு, அதுவும் வற்றி, ஆயிரம் அடிக்கு மேல் துளைத்துக்கொண்டிருந்தார். ஒரு துளைக்காக மனைவியின் தாலிக்கொடி வரையில் அடகுக் கடைக்குப் போன வீடுகளை நாம் அறியாதவர்கள் அல்லர். வானம் சொன்னது பொய்யா, வயல் சொன்னது பொய்யா?

இரண்டும் பொய்யில்லை. முதற் காரணம் அளவு. கிரேஸ் கோள்களின் பார்வை பரந்தது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் சதுர கிலோ மீட்டருக்குக் குறைந்த நிலப்பகுதியை அவற்றால் நம்பகமாகப் பிரித்துணர இயலாது. தமிழ்நாடு முழுவதுமே அதைவிடச் சிறியது. பாலாற்றுப் படுகை அதில் எட்டில் ஒரு பங்குகூட வராது. கோலார் மாவட்டமோ சுமார் 4,000 சதுர கிலோ மீட்டர். பெரிய வீட்டின் மொத்த வருமானம் உயர்ந்திருக்கலாம். அடுக்களையில் ஒரு மருமகள் பட்டினி கிடப்பது மொத்தக் கணக்கில் தெரியாது.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. என் மனத்தை மிகவும் வருத்தியதும் அதுவே. தரையில் அரசாங்கம் வைத்திருக்கும் கண்காணிப்புக் கிணறுகளின் கணக்கும் தென்னாட்டில் நீர்மட்டம் தேறிவருவதாகவே காட்டிற்று. தேஜஸ்வி ஹோரா, வீணா சீனிவாசன், நந்திதா பாசு என்னும் மூன்று ஆய்வாளர்கள் 2019இல் இம்முரண்பாட்டை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது இது: ஒரு கிணறு முற்றிலும் வற்றிவிட்டால் அங்கே அளப்பதற்கு நீர்மட்டம் இல்லை. ஏட்டில் அந்த இடம் வெறுமையாகிவிடுகிறது. கணக்குப் போடுகிறவர் விட்டுப்போன கிணறுகளை நீக்கிவிட்டு, நீர் உள்ள கிணறுகளை மட்டும் வைத்துச் சராசரி காண்கிறார். ஆகவே மிக மோசமான கிணறுகள் எவையோ அவையே கணக்கிலிருந்து மறைகின்றன; மீதமுள்ளவை நன்றாக இருப்பதால் நாடே நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது. வகுப்பில் தோற்ற மாணவர் பெயரையெல்லாம் அடித்துவிட்டு, எங்கள் பள்ளியில் எல்லோரும் தேர்ச்சி என்று தலைமையாசிரியர் அறிக்கை விடுவது போன்றது அது.

இந்த வட்டாரத்துப் பாறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்னாட்டின் கடினப் பாறையில் நீர் ஏரிபோல் பரவி நிற்பதில்லை. வெடிப்புகளில்தான் ஒதுங்கி நிற்கும். தங்கச் சரடு ஓடும் பாறையிலேயே, இந்த அடியில் பொன், அடுத்த அடியில் வெறுங்கல் என்று பார்த்துப் பழகியவர்கள் நம் பெரியவர்கள். நீரின் கதையும் அதுதான். ஒரு தோட்டத்தில் பீறிட்டெழும்; வேலிக்கு அப்பால் புழுதி பறக்கும். நம் ஐ.ஆர்.எஸ். கோள்களின் படங்களில், நீண்ட வெடிப்புகள் செடிகொடிகளின் வரிசையாகவும் ஓடைகளின் நேர்கோடாகவும் தெரியும். அவற்றை வைத்து, ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலை உணர்வு மையத்தார் குடிநீர்த் திட்டத்துக்காக நிலத்தடி நீர் வாய்ப்பு வரைபடங்களை ஆக்கினார்கள். அவை நல்ல வரைபடங்கள். எந்தப் பகுதியில் தேடலாம் என்று அவை வழிகாட்டும். ஆனால் ஊர்களில் சிலர், 'சாட்டிலைட் பார்த்துச் சொல்கிறோம், இந்தக் கல்லை நட்ட இடத்தில் இத்தனை அடியில் இத்தனை அங்குலம் தண்ணீர்' என்று கைநீட்டிப் பணம் வாங்குகிறார்கள். பத்து அடி இப்படி, பத்து அடி அப்படி என்று குறித்துச் சொல்லும் ஆற்றல் எந்தக் கோளுக்கும் இல்லை. வேப்பங்குச்சியைப் பிடித்து நடந்தவருக்கு இவர் தம்பி என்று கொள்க.

புதிய நம்பிக்கை ஒன்றும் உண்டு. 2025 ஜூலை 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நைசார் என்னும் கோள் ஏவப்பட்டது. இந்தியாவும் அமெரிக்காவும் ஆளுக்கொரு ரேடார் செய்து, ஒன்றாக இணைத்தவை. 12 மீட்டர் அகலமுள்ள வலைக்குடையை விண்வெளியில் விரித்துக்கொண்டு, 12 நாளுக்கு ஒரு முறை அதே இடத்தின் மேல் திரும்பி வரும் வகையில் அது அமைந்திருக்கிறது. மேகம் அதை மறைக்காது. மண்ணின் ஈரத்தைச் சில நூறு மீட்டர் அளவுக்கு நுணுக்கி அறியவும், நிலம் சில மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் கண்டுபிடிக்கவும் அது வல்லது. கீழே குடைந்த நிலத்தின் மேல் வீடு கட்டி வாழும் நமக்குப் பின்னது எவ்வளவு வேண்டிய செய்தி என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஆயிரம் அடி ஆழத்துப் பாறை வெடிப்பில் எத்தனை குடம் நீர் மிஞ்சியிருக்கிறது என்ற கேள்விக்கு நைசாரும் விடை சொல்லாது.

அந்த விடை தரையில்தான் கிடைக்க வேண்டும். ஆகவே இச்சங்கத்தின் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் லயன்களிலும், உரிகம், ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் பகுதிகளிலும், சுற்றுப்புறக் கிராமங்களிலும் உள்ள கிணறுகளைப் பட்டியல் எடுங்கள். நீர் உள்ளவற்றை மட்டும் எடுப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் வற்றியவற்றை எடுங்கள். குப்பை கொட்டி மூடிய திறந்த கிணறு, கல் போட்டு அடைத்த ஆழ்துளைக் கிணறு, கைப்பிடி ஒடிந்த அடிபம்பு எதையும் விடவேண்டாம். அடைக்காமல் திறந்து கிடக்கும் துளை ஒன்று கண்ணில் பட்டால், பட்டியல் கிடக்கட்டும், முதலில் அதை மூடச் செய்யுங்கள். குழந்தைகள் நடமாடும் இடம். பிறகு எழுத வேண்டியவை நான்கே: இடம் எது, ஆழம் எத்தனை அடி, எந்த ஆண்டு தோண்டியது, எந்த ஆண்டு வற்றியது. இதற்குக் கருவி வேண்டாம், பணமும் வேண்டாம். கடைசி இரண்டுக்கும் விடை அரசாங்க ஏட்டில் இருப்பதைவிட முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களின் நினைவில்தான் இருக்கும். இன்ன வருஷம் என் மூத்த மகளுக்குக் கல்யாணம், அந்தக் கோடையில்தான் அந்தக் கிணறு வற்றியது என்று அவர்கள் தவறாமல் சொல்வார்கள்.

பட்டியல் சேர்ந்ததும் அடுத்த ஆண்டு விழா மலரில் அதை அச்சிடலாம். மாவட்ட நிலத்தடி நீர் அலுவலகத்துக்கும் ஒரு படி அனுப்பலாம். விழா முடிந்து சிற்றுண்டி வழங்குவதற்கு இன்னும் அரை மணி இருப்பதாகப் பொறுப்பாளர் சைகை காட்டுகிறார். முதல் பத்துக் கிணறுகளை அதற்குள்ளேயே கேட்டு எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.